ஸ்போர்ட்ஸ் காரின் சொந்தக்காரர்கள்

மலர்க் குழுவினர் என்னிடம் கட்டுரை கேட்டபோது ஒரு நிபந்தனையும் போட்டார்கள். "சரித்திரம்தான் எழுதணும் சார். ஆனா பாண்டியர், பாளையக்காரர், குற்றாலத்துக்கு வந்த வெள்ளைக்காரத் துரைமார்னு போன தடவை மாதிரியே போகாதீங்க. பசங்க படிக்கிற மாதிரி ஏதாவது எழுதுங்க" என்றார்கள். பசங்க படிக்கிற மாதிரி என்றால் கார், பைக்தான் என்று முடிவு செய்தேன். ஆகவே நம் கல்லூரியின் பழைய மாணவர்களும், இன்று வகுப்பில் அமர்ந்திருக்கும் தம்பி தங்கைகளும் பொறுத்துக்கொள்ள வேண்டும். இது பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்களின் சரித்திரம். அவற்றை வைத்திருப்பதில் உள்ள சந்தோஷமும் சங்கடமும் இதில் உண்டு.

"பாவூர்சத்திரத்துக்கும் ஸ்போர்ட்ஸ் காருக்கும் என்ன சம்பந்தம்? காய்கறி மார்க்கெட்டுக்கு லோடு ஏற்றிவரும் வண்டிகளைத் தவிர இங்கே என்ன கார் இருக்கிறது?" என்று நீங்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதுதான். நம் தமிழில் 'சொந்தக்காரர்' என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம். பொருளை உடையவரும் சொந்தக்காரர். அத்தை, மாமன், சித்தப்பா வகையில் உறவானவரும் சொந்தக்காரர். முதல் அர்த்தத்தில் பார்த்தால் நம் பக்கத்தில் ஸ்போர்ட்ஸ் காரின் சொந்தக்காரர்கள் மிகக் குறைவு. இரண்டாவது அர்த்தத்தில் பார்த்தால், நம் டாக்ஸி ஸ்டாண்டிலும் வயல்காட்டிலும்கூட அதன் சொந்தக்காரர்கள் நின்றிருக்கிறார்கள். நமக்குத்தான் தெரியாமல் போய்விட்டது!

பிறந்த கதை

ஸ்போர்ட்ஸ் கார் என்றவுடன் கோடீஸ்வரர்களின் வண்டி என்று நினைத்துவிடக் கூடாது. பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்களில் பெரும்பாலானவை சாதாரணக் குடும்பக் காரின் வயிற்றில் பிறந்தவை.

இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டு நகரில் வில்லியம் மோரிஸ் என்பவருக்குச் சொந்தமாக 'மோரிஸ் கராஜஸ்' என்றொரு கார்க் கடை இருந்தது. 1922இல் அதற்கு மேனேஜராக வந்தவர் செசில் கிம்பர். இவர் மோரிஸ் கம்பெனியின் சாதாரணக் காருடைய அடிச்சட்டத்தையும் இன்ஜினையும் எடுத்து, மேலே லேசான, அழகான பாடி ஒன்றைக் கட்டி விற்றார். வாலிபர்கள் விரும்பி வாங்கினார்கள். கடையின் பெயரிலுள்ள முதல் எழுத்துக்களே காரின் பெயராயின. அதுதான் எம்.ஜி. 1929இல் ஆபிங்டன் என்ற ஊரில் அதற்கெனத் தனித் தொழிற்சாலையே அமைந்துவிட்டது.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்தபோது பிரிட்டன் கடனில் மூழ்கியிருந்தது. ஏற்றுமதி செய்து டாலர் சம்பாதித்தால்தான் பிழைப்பு என்ற நிலை. அப்போது அமெரிக்கர்களின் கண்ணில் பட்டது 1945 முதல் 1949 வரை உற்பத்தியான எம்.ஜி. 'டி.சி.' என்ற இரண்டு பேர் உட்காரும் சின்னக் கார். கப்பல் மாதிரிப் பெரிய கார்களை ஓட்டிப் பழகியவர்களுக்கு இது ஒரு விளையாட்டுப் பொருளாக, ஆனால் உயிருள்ள விளையாட்டுப் பொருளாகத் தெரிந்தது. இதைத் தொடர்ந்து 1948இல் ஜாகுவார் எக்ஸ்.கே.120, 1953இல் ட்ரையம்ஃப் டி.ஆர்.2, 1955இல் எம்.ஜி.ஏ., 1958இல் ஆஸ்டின் ஹீலி ஸ்பிரைட், 1961இல் ஜாகுவார் இ-டைப், 1962இல் எம்.ஜி.பி. மற்றும் ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்று வரிசையாக வந்தன. எம்.ஜி.பி. மட்டுமே 1980 வரை 5 இலட்சத்துக்கு மேல் உற்பத்தியானது. அதில் பெரும்பகுதி அமெரிக்காவுக்குத்தான் போனது.

நமக்கு ஏன் வரவில்லை?

சுதந்திரத்துக்கு முன் சமஸ்தான மன்னர்களும், பெரிய கம்பெனிகளின் வெள்ளைக்கார அதிகாரிகளும், தேயிலைத் தோட்டத் துரைமார்களும் இத்தகைய கார்களில் சிலவற்றை இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். ஊருக்குத் திரும்பும்போது வந்த விலைக்கு விற்றுவிட்டுப் போனார்கள். ஆனால் 1949இல் முழுக் காராக இறக்குமதி செய்வதற்குத் தடை வந்தது. 1953இல் டாரிஃப் கமிஷன் சிபாரிசுப்படி, "இங்கே உற்பத்தி செய்யும் திட்டம் உள்ளவர்கள் மட்டும் இருங்கள், வெறுமனே பாகங்களைக் கொண்டுவந்து பூட்டி விற்பவர்கள் கிளம்பலாம்" என்று அரசு கறாராகச் சொல்லிவிட்டது. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் மூட்டை கட்டின.

மிஞ்சியவை முக்கியமாக மூன்று கார்கள். கல்கத்தா பக்கம் உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸின் அம்பாசடர். பம்பாயில் பிரீமியர் கம்பெனியின் ஃபியட். நம் சென்னையில், வண்டலூர் அருகே ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியாவின் ஸ்டாண்டர்டு கார்கள். வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் கார் வேண்டுமென்றால் தூதரக அதிகாரிகள் விட்டுச் செல்லும் வண்டியை அரசு வாணிபக் கழகம் மூலம் எடுக்க வேண்டும். அல்லது துரை விட்டுப்போன வண்டியைத் தேடிப் பிடிக்க வேண்டும். சாமானியனுக்கு இரண்டும் நடக்கிற காரியமா?

ஆகவே நமக்குக் கிடைத்தது சொந்தபந்தம்தான். அந்த உறவுமுறையைக் கொஞ்சம் பார்ப்போம்.

முதல் சொந்தம்: டாக்ஸி ஸ்டாண்டு அம்பாசடர்

அம்பாசடர் என்பது மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் கார்தான். முதலில் அதில் பழைய வகை சைடு வால்வ் இன்ஜின் இருந்தது. பிறகு 1489 சி.சி. கொள்ளளவுள்ள 'பி சீரிஸ்' இன்ஜின் வந்தது. இதே 1489 சி.சி. 'பி சீரிஸ்' இன்ஜின்தான் 1955இல் வெளிவந்த எம்.ஜி.ஏ. ஸ்போர்ட்ஸ் காரிலும் இருந்தது! அங்கே இரண்டு எஸ்.யூ. கார்புரேட்டர்களைப் பூட்டி, சுமார் 70 குதிரைசக்தியைக் கறந்தார்கள். இங்கே ஒரே கார்புரேட்டரோடு, கல்யாண வீட்டுக்கு ஒன்பது பேரை ஏற்றிச் செல்லும் பொறுமைசாலியாக அதை வைத்துக்கொண்டோம். அதே இன்ஜின் குடும்பம் 1798 சி.சி.யாக வளர்ந்து எம்.ஜி.பி.க்குப் போனது.

தென்காசி ஸ்டாண்டில் நின்று "குத்தாலம், குத்தாலம்" என்று ஆள் கூப்பிட்ட பெட்ரோல் அம்பாசடரின் பானெட்டைத் திறந்து பார்த்தவர்கள், கலிபோர்னியாவின் கடற்கரைச் சாலையில் பறந்த ஒரு காருடைய பெரியப்பா பிள்ளையைப் பார்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம். (டீசல் அம்பாசடர் வேறு கதை. அதை இங்கே சேர்க்க வேண்டாம்.)

இரண்டாம் சொந்தம்: உழவு டிராக்டர்

இது இன்னும் வேடிக்கை. இங்கிலாந்தில் கோவென்ட்ரி நகர ஸ்டாண்டர்டு கம்பெனி 1940களில் வேன்கார்ட் என்ற குடும்பக் காருக்காக ஒரு இன்ஜினை உருவாக்கியது. சிலிண்டர் குழாயைத் தனியாகக் கழற்றி மாற்றக்கூடிய 'வெட் லைனர்' இன்ஜின் அது. அதே கம்பெனிதான் ஹாரி ஃபெர்குசனுக்காக அவருடைய சாம்பல் நிற டிராக்டரையும் செய்து கொடுத்தது. எனவே அந்த இன்ஜின் குடும்பம் டிராக்டருக்கும் போனது. பிறகு 1991 சி.சி.யாக மாற்றி, ட்ரையம்ஃப் டி.ஆர்.2 ஸ்போர்ட்ஸ் காரிலும் பூட்டினார்கள். 1953 மே மாதம் பெல்ஜியம் நாட்டின் யாபேக் நெடுஞ்சாலையில் ஒரு டி.ஆர்.2 மணிக்கு 124 மைல் வேகத்தைத் தாண்டியது. அன்றைக்கு அது பெரிய செய்தி. உழவு மாட்டின் தம்பி குதிரைப் பந்தயத்தில் ஜெயித்த கதை இது!

சென்னையில் 1960இல் தொடங்கப்பட்ட டாஃபே நிறுவனம் தயாரித்து, நம் வயல்களில் இறங்கிய மாஸி ஃபெர்குசன் டிராக்டர் அந்த ஃபெர்குசன் வம்சத்தில் வந்ததுதான். ஆனால் அதிலுள்ள டீசல் இன்ஜின் பெர்கின்ஸ் வகை. எனவே இந்தச் சொந்தம் கொஞ்சம் தூரத்துச் சொந்தம். இருந்தாலும் சொந்தம் சொந்தம்தானே!

மூன்றாம் சொந்தம்: ஹெரால்டு

நெருங்கிய சொந்தம் ஹெரால்டுதான். ஸ்பிட்ஃபயருக்கு இது உடன்பிறந்த அண்ணன்.

ட்ரையம்ஃப் ஹெரால்டு 1959 ஏப்ரலில் லண்டனில் அறிமுகமானது. உருவம் கொடுத்தவர் இத்தாலியரான ஜோவன்னி மிக்கெலோட்டி. அந்தக் காலத்தில் மற்றக் கம்பெனிகள் அடிச்சட்டமும் பாடியும் ஒன்றாகச் சேர்ந்த கார்களுக்கு மாறிக்கொண்டிருந்தன. ஹெரால்டு மட்டும் பழைய முறையில் தனிச் சட்டத்தோடு வந்தது. இதற்குப் பின்னால் ஒரு வியாபாரக் கதை உண்டு. ஸ்டாண்டர்டு கம்பெனிக்குப் பாடி செய்து கொடுத்துவந்த ஃபிஷர் அண்ட் லட்லோ நிறுவனத்தை 1953இல் போட்டிக் கம்பெனியான பி.எம்.சி. விலைக்கு வாங்கிவிட்டது. முழுப் பாடி செய்துதர ஆள் இல்லை. "சரி, துண்டு துண்டாகப் பல இடங்களில் செய்து, ஒரு சட்டத்தின் மேல் போல்ட் போட்டு மாட்டுவோம்" என்று முடிவெடுத்தார்கள்.

இந்தக் கஷ்டகால யோசனைதான் ஹெரால்டை உலகம் சுற்ற வைத்தது. துண்டு துண்டாகக் கழற்றலாம் என்றால், பெட்டியில் அடைத்துக் கப்பலேற்றி, வேறு தேசத்தில் பூட்டுவது எளிது அல்லவா? 1961இல் சென்னையில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு உற்பத்தி ஆரம்பமானது. இன்ஜின் 948 சி.சி. முதலில் பாகங்கள் வெளியிலிருந்து வந்தன. வருடாவருடம் உள்நாட்டுப் பாகங்கள் அதிகரித்தன. 1960களின் கடைசியில் நம்மவர்கள் நான்கு கதவு ஹெரால்டு ஒன்றைச் செய்தார்கள். இங்கிலாந்திலேயே கிடைக்காத, இந்தியாவுக்கே உரிய மாடல் அது.

அதே ஹெரால்டின் சட்டத்தை நீளம் குறைத்து, இரண்டு பேர் உட்காரும் திறந்த பாடியை மேலே வைத்தால் அதுதான் ஸ்பிட்ஃபயர். இதையும் வரைந்தவர் மிக்கெலோட்டியே. கையில் காசில்லாமல் கம்பெனி அந்தத் திட்டத்தை ஓரம் கட்டிவிட்டது. பிறகு லேலண்ட் கம்பெனி ஸ்டாண்டர்டு ட்ரையம்ஃபை வாங்கியது. புதிதாக வந்த அதிகாரிகள் தொழிற்சாலையைச் சுற்றிப் பார்க்கும்போது, ஒரு மூலையில் தூசித் துணிக்கு அடியில் இருந்த மாதிரிக் காரைக் கண்டு உடனே அனுமதி கொடுத்தார்கள் என்று சொல்வார்கள். 1962 முதல் 1980 வரை 3 இலட்சத்துக்கு மேல் விற்றது அந்தக் கார். (நம் எண்ணூரில் பஸ்ஸும் லாரியும் செய்யும் அசோக் லேலண்டின் பெயரில் உள்ளதும் இதே லேலண்ட்தான்.)

சந்தோஷம் எது?

இந்தக் கார்களில் என்னதான் இருக்கிறது? இன்றைய சாதாரணச் சின்னக் கார்கூட அந்த நாளைய ஸ்பிட்ஃபயரை ஓரங்கட்டிவிட்டுப் போகும். பிறகு ஏன் மனுஷன் அதைக் கட்டிக்கொண்டு அழுகிறான்?

முதல் காரணம், ரோடு தெரியும். உட்கார்ந்தால் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இருப்பது போன்ற உணர்ச்சி. 40 மைல் வேகத்திலேயே 80 மைலில் போகிற மாதிரி ரத்தம் சூடேறும். ஸ்டீயரிங்கில் ரோட்டின் ஒவ்வொரு மேடு பள்ளமும் விரலுக்குச் சேதி சொல்லும். கியர் மாற்றுவதே ஒரு தனி ருசி. ஆரியங்காவுக் கணவாயில் ஏறும்போது எந்த வளைவில் இரண்டாவது கியர், எந்த வளைவில் மூன்றாவது என்பதைக் காது முடிவு செய்யும். மீட்டரைப் பார்க்க வேண்டியதில்லை.

இரண்டாவது காரணம், எல்லாம் கண்ணுக்குத் தெரியும். ஹெரால்டு, ஸ்பிட்ஃபயர் இரண்டிலும் பானெட்டும் முன்பக்க மட்கார்டுகளும் ஒரே துண்டு. அப்படியே முன்பக்கமாகச் சாய்த்துவிடலாம். முன் டயரின் மேல் வசதியாக உட்கார்ந்துகொண்டு, அடுப்பங்கரையில் சமைப்பது மாதிரி இன்ஜின் வேலை பார்க்கலாம். மெக்கானிக்குகளுக்கு இதைவிடப் பெரிய வரம் கிடையாது. அந்தக் காரைத் திருப்புவதற்குச் சுமார் 25 அடி வட்டம் போதும். லண்டன் டாக்ஸிக்கு இணையான திருப்பம். சந்நிதித் தெருவுக்குள் போய், மூன்று முறை முன்னும் பின்னும் இழுக்காமல் ஒரே மூச்சில் திரும்பி வந்துவிடலாம்.

மூன்றாவது காரணம் முக்கியமானது. இந்தக் காரை ஓட்டுகிறவன் காரைத் தெரிந்துகொண்டே ஆக வேண்டும். பாயின்ட் இடைவெளி, வால்வ் இடைவெளி, கார்புரேட்டர் ஊசி, எஸ்.யூ. கார்புரேட்டரின் தலையில் விடும் கொஞ்சம் ஆயில் என்று ஒவ்வொன்றாகக் கற்றுக்கொள்வான். கற்றுக்கொண்டதைச் செய்து பார்ப்பான். சரியாக வந்தால் அன்றைக்கு அவன் வீட்டில் தீபாவளி.

சங்கடம் எது?

சங்கடத்தைச் சொல்லப்போனால் தனி மலர் போட வேண்டும். சுருக்கமாகச் சிலவற்றைச் சொல்கிறேன்.

மழை நாட்டில் பிறந்த கார்களுக்கு மழை ஆகாது! சாரல் விழுந்தால் டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் ஈரம் புகும். வண்டி இருமும், நிற்கும். திறந்த காரின் துணிக்கூரையை மாட்டுவதற்குள் சாரல் நின்றே போய்விடும்; மாட்டிய பிறகும் ஓரத்தில் ஒழுகும். மின்சாரச் சாமான்கள் செய்த லூகாஸ் கம்பெனிக்கு 'இருளின் இளவரசன்' என்று இங்கிலாந்து, அமெரிக்கக் கார்ப் பிரியர்கள் வைத்த கேலிப் பெயர் உலகப் பிரசித்தம். போதாக்குறைக்கு, அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் பேட்டரியின் பாசிட்டிவ் முனையைத்தான் பாடியோடு சேர்த்திருப்பார்கள். அது தெரியாமல் புது ரேடியோவை மாட்டினால் புகைதான் பாட்டுப் பாடும்.

ஆயில் ஒழுகல் பற்றி ஒரு பழைய நகைச்சுவை உண்டு. "ஆயில் ஒழுகலையா? அப்ப உள்ளே ஆயில் இல்லைன்னு அர்த்தம்!" என்பார்கள். கோடையில் பெட்ரோல் பம்ப் சூடாகி, குழாயிலுள்ள பெட்ரோல் ஆவியாகிவிடும். கார் நடுரோட்டில் நிற்கும். பம்பின் மேல் ஈரத்துணியைச் சுற்றிப் பதினைந்து நிமிடம் புளியமரத்தடியில் காத்திருந்தால் ஒன்றுமே நடக்காத மாதிரிக் கிளம்பும். ஸ்பேனரும் ஒரு தலைவலி. விட்வொர்த் அளவு ஒன்று, அங்குல அளவு ஒன்று, மில்லிமீட்டர் ஒன்று. மூன்றும் இல்லாமல் கைவைத்தால் நட்டின் முனை உருண்டுவிடும்.

ஹெரால்டுக்கென்றே இரண்டு தனிச் சங்கடங்கள் உண்டு. அவற்றைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்; ஏனென்றால் சரித்திரம் அங்கேதான் இருக்கிறது.

முதலாவது, முன் சக்கரத்தைத் தாங்கும் 'ட்ரனியன்' என்ற பாகம். மரை போட்ட ஒரு பித்தளைத் துண்டு அது. ஸ்டீயரிங் திருப்பும்போது அந்த மரையில்தான் சக்கரம் திரும்புகிறது. அதற்குக் கியர் ஆயில்தான் விட வேண்டும். ஆனால் பார்ப்பதற்குக் கிரீஸ் அடிக்கும் இடம் மாதிரியே இருக்கும். நல்லது செய்வதாக நினைத்துக் கிரீஸ் கன்னைப் பிடித்து அடித்தால், கெட்டியான கிரீஸ் மரையின் உள்ளே சரியாக இறங்காது. மரை தேயும். துரு பிடிக்கும். ஒருநாள் சக்கரம் மடிந்து கார் குப்புற உட்கார்ந்துவிடும்.

இரண்டாவது, பின் சக்கரங்கள். ஹெரால்டின் நான்கு சக்கரங்களும் தனித்தனியே மேலும் கீழும் ஆடக்கூடியவை. பின்பக்கம் குறுக்கே ஒரு பட்டை ஸ்பிரிங். இரண்டு பக்கமும் ஊஞ்சல் மாதிரி ஆடும் ஆக்சில். அன்றைக்கு அது முன்னேறிய யோசனை. ஆனால் ஜாக்கி வைத்துத் தூக்கினால் பின் சக்கரங்கள் நொண்டி மாதிரி உள்ளே மடியும். நாலு பேர் காரில் எட்டு பேரை ஏற்றினால் அவை வெளியே விரிந்து, டயரின் உள் ஓரம் தேயும். வளைவில் வேகமாகப் போய்ச் சட்டென்று ஆக்சிலரேட்டரை விட்டால் பின்பக்கம் தூக்கிக்கொண்டு வழுக்கும். இதன் குணம் தெரிந்தவன் கையில் ஹெரால்டு மான்குட்டி. தெரியாதவன் கையில் அது முரட்டுக் கன்று.

அந்த ஏற்பாடு இந்திய மெக்கானிக்குகளிடமும் ஓட்டுநர்களிடமும் எடுபடவில்லை. 1970களின் தொடக்கத்தில் வந்த ஸ்டாண்டர்டு கெசல் காரில் அதை எடுத்துவிட்டு, அம்பாசடர் மாதிரி நேரான கெட்டி ஆக்சிலைப் போட்டுவிட்டார்கள். காரணம் நியாயமானதாகவே இருக்கலாம். ஆனாலும் ஒரு கேள்வி எழுகிறது. ஒரு புதிய யோசனையைக் கற்றுக்கொடுக்க முடியவில்லை என்பதற்காக அந்த யோசனையையே கழற்றி வைக்கலாமா?

தட்டுப்பாடு தந்த கல்வி

இனி இந்தக் கதையின் நல்ல பகுதி. உதிரிப்பாகம் இல்லை, இறக்குமதி இல்லை என்ற அந்தச் சங்கடமே சென்னைக்கு ஒரு பள்ளிக்கூடமாக அமைந்தது.

வெளியிலிருந்து வர முடியாத பாகத்தை உள்ளூரிலேயே செய்தாக வேண்டும். 1949இல் தொடங்கிய இந்தியா பிஸ்டன்ஸ், 1960இல் வீல்ஸ் இந்தியா, 1961இல் லூகாஸ் டி.வி.எஸ்., 1962இல் பிரேக்ஸ் இந்தியா என்று வரிசையாக ஆலைகள் எழுந்தன. இங்கிலாந்தில் 'இருளின் இளவரசன்' என்று கேலி செய்யப்பட்ட அதே லூகாஸின் தொழில் நுட்பத்தை வைத்துப் பாடியில் நம்மவர்கள் டைனமோவும் ஸ்டார்ட்டரும் செய்யக் கற்றுக்கொண்டார்கள். 1911இல் மதுரையில் டி.வி.எஸ். நிறுவிய போக்குவரத்துக் கம்பெனிதான் இந்தக் குழும ஆலைகளுக்கு வேர் என்பது நம் தென்பாண்டிச் சீமைக்குப் பெருமை. பழைய ஸ்போர்ட்ஸ் கார்களுக்கு அழகே கம்பிச் சக்கரங்கள்தான். பாடியிலுள்ள வீல்ஸ் இந்தியா அந்தக் கம்பிச் சக்கரங்களையும் செய்து வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்திருக்கிறது. பெற்ற வீட்டுக்குச் சீர் அனுப்பிய மாதிரி!

ஆலைகளுக்கு வெளியேயும் ஒரு கல்வி நடந்தது. புதுப்பேட்டையில் பழைய வண்டிகளைப் பிரித்து விற்றவர்கள், ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுச் சாமான் கடைக்காரர்கள், ஊர் ஊருக்கு இருந்த லேத் பட்டறைக்காரர்கள், டிங்கர்கள் எல்லோரும் அதன் ஆசிரியர்கள். புத்தகம் கிடையாது, பரீட்சை கிடையாது. உடைந்த பாகத்தைக் கையில் கொடுத்து, "அண்ணாச்சி, இதே மாதிரி ஒண்ணு வேணும்" என்றால், அதை விரலால் தடவிப் பார்த்து, "நாளைக்குச் சாயங்காலம் வா" என்பார்கள். இந்த நாட்டில் பழைய கார்கள் ஓடியது அவர்கள் கையால்தான்.

சோழவரத்தையும் மறக்கக் கூடாது. சென்னைக்கு வடக்கே யுத்தகாலத்தில் போட்ட அந்த விமான ஓடுதளம் பிற்பாடு பந்தயக் களமாயிற்று. 1953இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே கார், பைக் பந்தயங்களை நடத்தியது. வசதி உள்ளவர்கள் வெளிநாட்டு வண்டியோடு வந்தார்கள். வசதி இல்லாதவர்கள் ஃபியட்டையும் ஹெரால்டையும் இழைத்து, சுரண்டி, லேசாக்கி, அவற்றோடு மோதினார்கள். 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் முறையான பந்தயத் தடம் வந்தது. 2005இல் கோயம்புத்தூர்க்காரரான நரேன் கார்த்திகேயன் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரானார். சோழவரம் என்ற விதை இல்லாமல் அந்தச் செடி இல்லை.

இரண்டு மரணங்கள்

பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரும் அதன் சென்னைச் சொந்தக்காரரும் ஏறத்தாழ ஒரே காலத்தில் மறைந்தார்கள்.

அங்கே 1968இல் பல கம்பெனிகளை ஒன்றாகச் சேர்த்து பிரிட்டிஷ் லேலண்ட் என்ற பெரிய நிறுவனம் உண்டாயிற்று. கூட்டுக் குடும்பத்தில் சண்டைதான் மிச்சம். வேலைநிறுத்தம், நஷ்டம், 1975இல் அரசுடைமை. அமெரிக்கா கொண்டுவந்த பாதுகாப்பு விதிகளுக்காக எம்.ஜி.பி.க்குக் கனமான கறுப்பு ரப்பர் பம்பர் வைத்து, காரின் உயரத்தையும் கூட்டினார்கள்; அதன் அழகும் போயிற்று, ஓட்டமும் கெட்டது. புதிதாக முதலீடு செய்யாமல் பழையதையே இருபது வருடம் விற்றார்கள். 1980இல் ஸ்பிட்ஃபயர் நின்றது. அதே வருடம் அக்டோபரில் ஆபிங்டன் தொழிற்சாலையும் மூடப்பட்டது. பிரிட்டிஷார் விட்ட இடத்தை ஜப்பானியர் பிடித்தார்கள். 1989இல் வந்த மாஸ்டா எம்.எக்ஸ்.5, அதே பழைய பிரிட்டிஷ் ருசியை ஆயில் ஒழுகாமல் கொடுத்தது. 2016இல் அதன் உற்பத்தி பத்து இலட்சத்தைத் தாண்டியது.

இங்கே 1977இல் கெசல் நின்றது. 1985இல் வண்டலூர்த் தொழிற்சாலை ஸ்டாண்டர்டு 2000 என்ற காரைக் கொண்டுவந்தது. பாடி இங்கிலாந்தின் ரோவர் எஸ்.டி.1 காருடையது, கண்ணைப் பறிக்கும் அழகு. ஆனால் உள்ளே? டி.ஆர்.2க்கும் டிராக்டருக்கும் உறவான, 1940களின் அந்த வேன்கார்ட் குடும்ப இன்ஜின்! பட்டு வேட்டிக்குள் பழைய கோவணம் என்று ஊர்ப் பேச்சில் சொல்வோமே, அந்தக் கதைதான். 1983 டிசம்பரிலேயே மாருதி 800 வந்துவிட்ட நாட்டில் அது எடுபடுமா? 1988இல் உற்பத்தி நின்றது. ஏராளமான தொழிலாளர் குடும்பங்களின் பிழைப்பு போயிற்று. பிற்காலத்தில் அங்கே மிஞ்சிக் கிடந்த ரோவர் உதிரிப்பாகங்களை ரிம்மர் பிரதர்ஸ் என்ற இங்கிலாந்துக் கம்பெனி வாங்கிக்கொண்டு போனது. ஒரு காலத்தில் பெட்டியில் அடைத்து இங்கே வந்த பாகங்கள், மறுபடி பெட்டியில் அடைபட்டு அங்கேயே திரும்பின.

காலத்தின் விளையாட்டைப் பாருங்கள். 2008இல் ஜாகுவாரை டாட்டா வாங்கியது. எம்.ஜி. என்ற பெயர் சீனக் கம்பெனியிடம் போய்ச் சேர்ந்து, 2019 முதல் நம் நாட்டிலேயே அந்தப் பெயரில் குடும்பக் கார்கள் விற்பனைக்கு வந்துவிட்டன. பெயருக்குச் சொந்தக்காரர் மாறிக்கொண்டே இருப்பார். வேலை தெரிந்த கைக்குத்தான் கார் சொந்தம்.

இன்றைய நிலை

இன்று பழைய கார் வைத்திருப்பவர்களுக்குச் சில வசதிகள் கூடியிருக்கின்றன. இங்கிலாந்தில் பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் என்ற நிறுவனம், பழைய அச்சுகளைத் தேடிப்பிடித்து 1988இல் எம்.ஜி.பி.யின் முழுப் பாடியையே புதிதாகச் செய்து விற்க ஆரம்பித்தது. இதனால் இங்கிலாந்தில் ஒரு எம்.ஜி.பி.யைக் கிட்டத்தட்டப் புதிதாகவே கட்டிவிடலாம். இந்தியாவில் 2021இல் மத்திய அரசு விண்டேஜ் வாகன விதிகளைக் கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 வருடத்தைத் தாண்டி, உருவம் மாறாமல் இருக்கும் தனியார் வாகனங்களுக்கு 'வி.ஏ.' என்ற எழுத்துக்களோடு தனி நம்பர் தருகிறார்கள். புதுப் பதிவுக் கட்டணம் ரூ.20,000. பத்து வருடம் செல்லும். ஆனால் அப்படிப் பதிந்த காரைத் தினசரி ஓட்டக் கூடாது; கண்காட்சி, ஊர்வலம், பழுதுபார்ப்பு போன்ற காரியங்களுக்கு மட்டுமே ரோட்டுக்கு வரலாம்.

சங்கடமும் புதிதாகச் சேர்ந்திருக்கிறது. 2000 பிப்ரவரி முதல் நாடு முழுவதும் ஈயம் கலக்காத பெட்ரோல் மட்டுமே. ஈயத்தை நம்பிச் செய்த பழைய வால்வ் சீட்டுகள் அதனால் தேய்கின்றன. கெட்டியான சீட்டுகளை அடித்து மாற்ற வேண்டும். இப்போது பெட்ரோலில் 20 சதவீத எத்தனால் வந்துவிட்டது. அது பழைய ரப்பர்க் குழாய்களையும் வாஷர்களையும் தின்றுவிடும். இரண்டுமே ஊருக்கு நல்லதற்காக வந்த மாற்றங்கள்தான், அதை மறுப்பதற்கில்லை. எத்தனால் தாங்கும் குழாய்கள் கடையில் கிடைக்கின்றன. இவற்றுக்கெல்லாம் வழி உண்டு.

வழி தெரியாத ஒரு தட்டுப்பாடு வேறு இருக்கிறது. விரலால் தடவிப் பார்த்து "நாளைக்கு வா" என்று சொன்ன அந்த அண்ணாச்சிமார்களுக்கு வயதாகிவிட்டது. பட்டறைகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்படுகின்றன. ட்ரனியனுக்கு ஆயிலா கிரீஸா என்று தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே போகிறார்கள். பாடியைப் புதிதாக அச்சில் வார்த்துவிடலாம். அந்த விரல்களை எந்த அச்சில் வார்ப்பது?

சரித்திரம் படித்தவன் என்ற முறையில் நான் கண்ட பாடம் இதுதான். அரசர்களின் கல்வெட்டுகளைப் படியெடுத்துப் பாதுகாக்கிறோம். நம் பக்கத்துத் தெருவில் லேத் ஓட்டியவருக்குத் தெரிந்ததை யாரும் எழுதி வைக்கவில்லை. சென்னையை வாகன நகரம் என்று இன்று உலகம் பேசுகிறது என்றால், அதன் அஸ்திவாரத்தில் அவர்களின் வேர்வையும் இருக்கிறது.

ஆகவே இன்றைய மாணவச் செல்வங்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரில் பழைய அம்பாசடர், ஹெரால்டு, டிராக்டர் இன்ஜின்களில் கைவைத்த ஒரு பெரியவர் நிச்சயம் இருப்பார். ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு போய் உட்காருங்கள். கையிலுள்ள போனிலேயே அவர் பேச்சையும், அவர் கை வேலை செய்வதையும் பதிவு செய்யுங்கள். "இதைப் போய் எதுக்குப்பா கேக்குற?" என்பார். விடாமல் கேளுங்கள். கல்லூரி நூலகத்தில் அதற்கு ஒரு அலமாரி ஒதுக்க நம் பழைய மாணவர் சங்கம் முன்வந்தால், அடுத்த மலரில் இந்தச் சரித்திரத்தை நீங்களே எழுதலாம்.

கார் வாங்க எல்லோராலும் முடியாது. ஆனால் சொந்தக்காரர் ஆக எல்லோராலும் முடியும். எல்லோருக்கும் என் ஒன்றுகூடல் தின நல்வாழ்த்துகள்!